ஸ்கூபா டைவிங் பற்றி புராஜெக்ட்டா? முதலில் யாரை எண்ணப் போகிறீர்கள்?

புராஜெக்ட் சமர்ப்பிக்கும் சமயம் நெருங்கினால் எனக்கு மாணவர்களிடமிருந்து கூகுள் ஃபார்ம்கள் வர ஆரம்பித்துவிடும். ஸ்கூபா பயிற்றுநர் வேலையில் இதுவும் ஒரு பகுதி, முடிந்தவரை நிரப்பி அனுப்புகிறேன். ஆனால் பாதிக்கு மேற்பட்ட ஃபார்ம்கள் "நீங்கள் ஏன் டைவ் செய்கிறீர்கள்: சாகசமா, மன அமைதியா, மீன்களைப் பார்க்கவா?" என்று ஆரம்பித்து, கடைசியில் "உலகத்தில் மொத்தம் எத்தனை பேர் டைவ் செய்கிறார்கள்?" என்று என்னிடமே கேட்கின்றன. அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும் நேரான பதில் கிடையாது. ஏன் என்று புரிந்துகொண்டாலே உங்கள் புராஜெக்ட்டில் பாதி முடிந்த மாதிரி.

இணையத்தில் தேடினால் முதலில் கண்ணில் படுவது பாடி (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் எண்ணிக்கை. 1966இல் தொடங்கிய அமைப்பு, இதுவரை 3 கோடிக்கும் அதிகமான சான்றிதழ்கள் வழங்கியதாகச் சொல்கிறது. மாணவர்கள் இதை அப்படியே எடுத்து "3 கோடி டைவர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அது சான்றிதழ்களின் எண்ணிக்கை, அதுவும் ஆரம்பத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தது. ஓப்பன் வாட்டர், அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ என்று மூன்று படிப்பு முடித்த ஒருவர் அதில் மூன்று தடவை வருவார். எழுபதுகளில் சான்றிதழ் கார்டு வாங்கி, அப்புறம் தண்ணீர் பக்கமே போகாதவரும் அதில் இருக்கிறார், இறந்துபோனவரும் இருக்கிறார், ஏனென்றால் கார்டு காலாவதி ஆவதில்லை. இது போக நாயி (1960), எஸ்எஸ்ஐ (1970), சிமாஸ் (1959) என்று தனித்தனி அமைப்புகள், ஒரே ஆள் இரண்டு அமைப்புகளின் கார்டு வைத்திருப்பதும் சாதாரணம். எல்லோருக்கும் பொதுவான ஒரு பதிவேடு எங்கும் கிடையாது.

இன்னொரு பக்கம், விடுமுறைக்குப் போன இடத்தில் பயிற்றுநர் கூடவே வர ஒரே ஒரு அறிமுக டைவ் செய்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அவர்களுக்கு டைவர் சான்றிதழ் கிடையாது, ஆகவே அந்த 3 கோடியில் அவர்கள் வரமாட்டார்கள். ஒரு பிழை எண்ணிக்கையை ஏற்றுகிறது, இன்னொன்று இறக்குகிறது, எது எவ்வளவு என்று கழித்துப் பார்க்க வழியில்லை.

அமெரிக்காவின் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சித் தொழில் சங்கம் வேறு வழியில் போகிறது. கார்டுகளை விட்டுவிட்டு மக்களையே கேட்கிறது: கடந்த 12 மாதங்களில் ஒரு தடவையாவது டைவ் செய்தீர்களா? 1 முதல் 7 தடவை என்றால் எப்போதாவது செய்பவர், 8 அல்லது அதற்கு மேல் என்றால் தொடர்ந்து செய்பவர். எல்லைக்கோடு ஏன் 8இல் என்று நீங்கள் சண்டை போடலாம், ஆனால் கோடு எங்கே இருக்கிறது என்பதாவது தெளிவாகத் தெரிகிறது. உங்கள் புராஜெக்ட்டின் முதல் பக்கத்திலும் இப்படி ஒரு வரையறை இருக்கட்டும், அது இல்லாத சதவீதங்களை நான் படிப்பதில்லை.

சரி, யாரிடம் கேட்பது? டைவர்கள் இருக்கும் குழுக்களில் ஃபார்மைப் போட்டால் இன்னும் டைவ் செய்துகொண்டிருப்பவர்கள்தான் பதில் சொல்வார்கள், எல்லோரும் "அற்புதம்" என்று டிக் செய்வார்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. கார்டு வாங்கிவிட்டு நிறுத்தியவர்களைத் தேடிப் பிடியுங்கள். டைவ் சென்டரில் பழைய மாணவர்களுக்கு உங்கள் ஃபார்மை அனுப்பித் தரச் சொல்லிக் கேட்கலாம், தொடர்பு எண்களை மட்டும் கேட்காதீர்கள், தரவும் கூடாது. நிறுத்தியவர்கள் ஃபார்மில் பெரும்பாலும் "நேரமில்லை" என்றுதான் எழுதுவார்கள். நேரில் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள், காது அழுத்தம் சமன் ஆகாமல் வலித்தது, முகமூடிக்குள் தண்ணீர் புகுந்து மூச்சுத் திணறியது, அன்றைக்குப் பயந்ததை யாரிடமும் சொல்லவில்லை என்று மெதுவாக வெளியே வரும். எனக்குத் தெரிந்து இந்தப் பயம்தான் ஆய்வுகளில் மிகக் குறைவாகப் பதிவாகும் விஷயம், பயிற்றுநர்களும் இதைப் பேச விரும்புவதில்லை.

"வருடத்துக்கு எத்தனை டைவ்?" என்று ஞாபகத்திலிருந்து சொல்ல விடாதீர்கள். மனிதர்கள் கூட்டித்தான் சொல்வார்கள். ஒவ்வொரு டைவையும் குறித்து வைக்கும் லாக் புக்கையோ, அதைத் தானே பதிவு செய்யும் டைவ் கம்ப்யூட்டரையோ பார்த்து எழுதச் சொல்லுங்கள். பேசுவதற்கு நல்ல நேரம் இரண்டு டைவுக்கு நடுவில் ஓய்வெடுக்கும்போது. சிலிண்டரில் ரெகுலேட்டர் (காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி) மாட்டிக்கொண்டிருப்பவரிடம் கேள்வித்தாளை நீட்டவே நீட்டாதீர்கள், அந்த வேலையில் கவனம் சிதறக்கூடாது.

ஆபத்து பற்றிய அத்தியாயம் எழுதாத மாணவர் இல்லை, சுறா வராத அத்தியாயமும் இல்லை. 2008இல் வெளியான ஒரு ஆய்வு 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை எடுத்துப் பார்த்தது. முதலில் எது தப்பானது என்று கண்டறிய முடிந்தவற்றில் 41% சிலிண்டரில் காற்று குறைந்தோ தீர்ந்தோ போனதில் ஆரம்பித்தவை. காற்று அளவைக் காட்டும் மீட்டரை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். மரண விகிதத்தைத் தேடினால் டைவர்களுக்குக் காப்பீடும் பாதுகாப்பு ஆலோசனையும் தரும் டான் (DAN) அமைப்பின் ஒரு எண் கிடைக்கும்: 2000 முதல் 2006 வரை அதன் காப்பீட்டாளர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 16.4. இங்கே வகுக்கும் எண் தெரிந்தது, ஏனென்றால் காப்பீடு எடுத்தவர்களின் பட்டியல் கையில் இருக்கிறது. ஆனால் காப்பீடு எடுப்பவர் அடிக்கடி தண்ணீரில் இறங்குபவராக இருக்கலாம், வயதும் கூடுதலாக இருக்கலாம். ஒரே ஒரு தடவை இறங்கிய சுற்றுலாப் பயணிக்கு இந்த எண்ணைப் பொருத்திப் பார்ப்பது சரியில்லை.

"அனுபவத்துக்காக" தானும் ஒரு டைவ் செய்துவிட்டு எழுதலாம் என்று நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, நுரையீரல் பிரச்சினை எதையும் மறைக்காதீர்கள். 'ஆம்' என்ற பதில் வந்தால் டாக்டர் கையெழுத்து வேண்டியிருக்கும், புராஜெக்ட் தேதி தள்ளிப்போகும், போகட்டும். சளி பிடித்திருந்தால் இறங்காதீர்கள். கீழே மூச்சை அடக்கவே கூடாது, 10 மீட்டர் ஆழத்தில் இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும், அது வெளியே போக வழியில்லையென்றால் நுரையீரல் கிழியும். டைவ் முடிந்த அன்றே விமானத்தில் கிளம்பாதீர்கள்: டான் பரிந்துரைப்படி ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும்.

இன்னொன்று: ஜூனியர் கார்டு 10 வயதிலேயே கிடைக்கும் என்பதால் சிறுவர்களும் உங்கள் ஃபார்முக்குப் பதில் சொல்ல வாய்ப்பிருக்கிறது, பெற்றோர் சம்மதம் இல்லாமல் அந்தப் பதில்களைப் பயன்படுத்தாதீர்கள். எனக்கு அனுப்பும் ஃபார்மில் பெயரும் நோய் விவரமும் ஒரே பக்கத்தில் கேட்கப்பட்டிருந்தால் அந்தப் பக்கத்தைக் காலியாகவே திருப்பி அனுப்புவேன். மற்ற பக்கங்களுக்கு என்னால் முடிந்தவரை லாக் புக்கைப் பார்த்தே பதில் எழுதுகிறேன்.