அம்மாவுக்கு ஒரு மாத்திரை, மகளுக்கு வேறொன்று ஏன்?

"அம்மாவுக்கு 63 வயது, எனக்கு 38. இருவருக்கும் ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்றுநோய். அம்மாவுக்கு லெட்ரோசோல் கொடுக்கிறார்கள், எனக்கு டமாக்சிஃபென். ஏன் இந்த வித்தியாசம்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மேமோகிராம், பயாப்ஸி எல்லாம் முடிந்ததும் கட்டியின் திசுவில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பெரும்பாலான மார்பகப் புற்றுநோய்களில் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் அந்த ஏற்பியில் வந்து சேர்ந்தால் செல் பெருகும். டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜனுக்கான நாற்காலியில் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. லெட்ரோசோல் ஏற்பியைத் தொடுவதே இல்லை. ஈஸ்ட்ரோஜனை உருவாக்கும் அரோமட்டேஸ் என்ற நொதியை முடக்குகிறது.

அப்படியானால் உற்பத்தியையே நிறுத்தும் மாத்திரையை எல்லோருக்கும் கொடுக்கலாமே? இங்கேதான் உடல் தன் வேலையைக் காட்டுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் முக்கியமாகக் கொழுப்புத் திசு போன்ற இடங்களில் சிறிதளவு உருவாகிறது. மூளை எவ்வளவு தூண்டினாலும் சினைப்பை இனி அதைச் சுரக்காது. அதனால் லெட்ரோசோல் கிட்டத்தட்ட முழுவதையும் அடைத்துவிடும். இளம் பெண்ணின் உடலோ சும்மா இருக்காது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததை மூளை உடனே கவனிக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களை அதிகமாக அனுப்புகிறது. சினைப்பை மேலும் அரோமட்டேஸ் செய்து, மருந்தை மீறி ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஏற்பியையே மறிக்கும் டமாக்சிஃபென். குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டையை வளர்க்க இதே லெட்ரோசோலைக் கொடுப்பது இந்தக் குணத்தை நம்பித்தான்!

இளம் பெண்ணுக்கு நோய் திரும்பும் அபாயம் அதிகமென்றால், கோசெரெலின் போன்ற ஊசியால் சினைப்பையை ஓய்வில் வைத்துவிட்டு, அதோடு லெட்ரோசோல் வகை மருந்து கொடுப்பதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஊசி வேலை செய்யும் விதம். மூளை பிட்யூட்டரிக்கு விட்டுவிட்டுத்தான் சமிக்ஞை அனுப்பும். கோசெரெலினும் அதே சமிக்ஞைதான், ஆனால் இடைவெளியே விடாது. முதலில் கொஞ்ச நாள் பிட்யூட்டரி வேகமெடுக்கும். அப்புறம் கேட்பதையே நிறுத்திவிடும், சினைப்பையும் அடங்கிவிடும்.

டமாக்சிஃபென் 1962இல் வேதியியலாளர் டோரா ரிச்சர்ட்சன் உருவாக்கிய மூலக்கூறு. அன்று தேடியது கருத்தடை மருந்தை. பெண்களுக்கு அந்த வேலையில் அது தோற்றது; பிறகுதான் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தானது. "இதனால் என்ன பயன்?" என்று முதலிலேயே கேட்டு ஆராய்ச்சிப் பணத்தை நிறுத்துகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

வாசகிக்கு இன்னும் ஒன்று. கீமோதெரபியின்போது மாதவிடாய் நின்றுபோனால் சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பல மாதங்கள் கழித்தும் அது விழித்துக்கொள்ளலாம். அதனால் மாத்திரையை மாற்றும் முன் மருத்துவர் இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்ப்பார், சில சமயம் மாற்றிய பிறகும் திரும்பத் திரும்பப் பார்ப்பார். அம்மாவின் மாத்திரை வீட்டிலேயே இருக்கிறதே என்று நீங்களாக மாற்றிச் சாப்பிடாதீர்கள்.