கலங்கிய பையைக் கொட்டிவிடாதீர்கள்

வயிற்று டயாலிசிஸ் (சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வயிற்றில் வைத்த குழாய் வழியே நீரை விட்டு, கழிவோடு பையில் வடிப்பது) செய்யும் வீடுகளில் வடிந்த நீர் கலங்கினால், ஆள் முதலில் மருந்துக்கடைக்குத்தான் ஓடுகிறது. இரண்டு நாள் ஏதோ மாத்திரை, ஒரு வலி ஊசி. வலி தாங்க முடியாமல் போனபிறகு மன்னார்குடியிலிருந்தும் வேதாரண்யத்திலிருந்தும் கார் பிடித்துத் தஞ்சாவூர் வருகிறார்கள். பை எங்கே என்றால், “கொல்லையில ஊத்திட்டோம்.”

அந்தப் பைதான் வேண்டும்! மக்களைத் தேடி மருத்துவத்தில் புதுப் பை வீட்டுக்கே வருகிறது. கலங்கிய பையை நீங்கள்தான் எடுத்துவர வேண்டும்.

வடிந்த பையைச் செய்தித்தாள்மேல் வையுங்கள். எழுத்து படிக்க முடியவில்லையா, அன்றைக்கே கிளம்புங்கள். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2 மணி நேரமாவது வயிற்றில் நின்ற நீரில், மைக்ரோலிட்டருக்கு 100க்கு மேல் வெள்ளணுக்களும் அதில் பாதிக்கு மேல் நியூட்ரோஃபிலும் (கிருமியை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணு) இருந்தால் பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று, என்றே சிகிச்சை தொடங்குவோம். எந்தக் கிருமி என்று கல்ச்சர் (அந்த நீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) சொல்லும். முன்பே மாத்திரை விழுங்கியிருந்தால் அதில் ஒன்றும் வளராமல் போகலாம்.

“மருந்தை நரம்புல போடாம பையில ஏன் போடுறீங்க?” என்று கேட்கிறார்கள். கிருமி இருக்கும் இடத்துக்கே மருந்து போகட்டும் என்றுதான். செஃபசோலின், செஃப்டாசிடிம் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளையும் தனித்தனி சிரிஞ்சில் எடுத்து ஒரே புதுப் பையில் கலக்கலாம். அந்தப் பை 6 மணி நேரமாவது வயிற்றில் நிற்க வேண்டும். அவசரப்பட்டு வடித்துவிட்டால் மருந்து வீண். ரத்தத்தில் கிருமி பரவிய அறிகுறி இருந்தால் மட்டும் நரம்பிலும் ஏற்றுவோம்.

இனிதான் பெரிய தலைவலி. மூன்றாம் நாள் நீர் தெளிகிறது, வலி போகிறது, மருந்தும் நின்றுவிடுகிறது. தெளிந்த நீர், மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். கிருமி ஒழிந்ததற்கு அல்ல, அல்லவே அல்ல. தோலில் சாதாரணமாக இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகளுக்கு 2 வாரம் மருந்து போட வேண்டும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் என்றால் 3 வாரம். பாதியில் நிறுத்தினால் அதே கிருமி திரும்பி வரும். குழாயையே எடுக்க நேரும். சரியான மருந்து போட்டும் 5 நாளில் தெளியாவிட்டாலும் பெரும்பாலும் குழாயை எடுக்க வேண்டிவரும். பூஞ்சை என்றால் உடனே. தயவுசெய்து அப்போது மறுக்காதீர்கள், வயிற்றுச் சவ்வைக் காப்பாற்றத்தான் எடுக்கிறோம்.

பை மாற்றும்போது ஃபேனை நிறுத்துங்கள், மாஸ்க் போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். ஆடிப்பெருக்கானாலும் ஆற்றில், வாய்க்காலில் முங்கக் கூடாது. சூடோமோனாஸ் தண்ணீரில் வாழும் கிருமி.

குழாய் முனை கையிலோ பாயிலோ பட்டுவிட்டதா? கிளாம்பை மூடுங்கள், பையை இணைக்காமல் வாருங்கள். முனையை மாற்றித் தருகிறோம். பட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், யாரும் திட்டமாட்டோம்.