‘பூட் ஆகல’ என்றால் என்ன ஆகவில்லை?

கணினி பழுது பார்க்கும் கடைகளில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம், ‘சிஸ்டம் பூட் ஆகல’. சொல்கிறவர் எதைச் சொல்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருடைய பெட்டியில் பொத்தானை அழுத்தினால் விளக்குகூட எரியாது. இன்னொருவருடையதில் விசிறி ஓடும், திரை கறுப்பாகவே கிடக்கும். வேறொருவருக்கு நிறுவனச் சின்னம் வந்து போனபின் கறுப்புத் திரையில் ஒற்றை வரி ஆங்கிலம் நிற்கும். விண்டோஸின் புள்ளி வட்டம் சுற்றிச் சுற்றி, நீலத்திரை காட்டி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் பெட்டியைத் தூக்கிவருபவரும் ‘பூட் ஆகல’ என்றுதான் சொல்வார். மெக்கானிக்குகள் தங்களுக்குள் பேசும்போது இவற்றைக் கலப்பதில்லை. முதலாவது ‘டெட்’, இரண்டாவது ‘நோ டிஸ்பிளே’, மூன்றாவது ‘ஹார்ட் டிஸ்க் டிடெக்ட் ஆகல’, கடைசியானது ‘ஓஎஸ் கரப்ட்’. ஒரே சொல்லுக்குள் இத்தனை கோளாறுகளும் புகுந்துகொண்டதற்குக் காரணம் அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

முதலில் பொருள். மின்சாரம் இல்லாதபோது, கணினியின் தற்காலிக நினைவகமான ரேம் வெறுமையாக இருக்கும். செயலிக்கோ (சிபியூ) நினைவகத்தில் இருக்கும் ஆணைகளை நிறைவேற்ற மட்டுமே தெரியும். இயங்குதளம் இருப்பது வட்டில். அதை ரேமுக்குக் கொண்டுவர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலும் வட்டில்தான் இருக்கிறது என்றால், அதைக் கொண்டுவருவது யார்? இந்த முடிச்சை அவிழ்த்து, வெறும் ரேமில் தொடங்கி, இயங்குதளத்தின் கையில் பொறுப்பை ஒப்படைப்பதுவரை நடப்பதெல்லாம் பூட்.

நாம் காலில் மாட்டும் பூட்ஸும் இதுவும் ஒரே சொல்தான். (கதவுப் பூட்டுக்கும் ஏர் பூட்டுவதற்கும் இதில் பங்கில்லை.) உதைத்து எழுப்புவதால் பூட் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு, பழைய புல்லட்டை உதைத்து ஸ்டார்ட் செய்வதை நினைத்துக்கொண்டால் பொருத்தமாகவும் தோன்றும். ஆனால் வேர் அங்கே இல்லை. முழு வடிவம் பூட்ஸ்ட்ராப். உயரமான தோல் பூட்ஸைக் காலில் ஏற்றி இழுப்பதற்காக மேல்விளிம்பில் தைத்திருக்கும் வார் அது. அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத் தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கர்களுக்கு நடக்கவே நடக்காத காரியத்தின் அடையாளம். நிற்காமல் தானே ஓடும் எந்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒருவர் அறிவித்தபோது, இனி அவர் தன் பூட்ஸ் வாரைப் பிடித்துக்கொண்டே கம்பர்லாந்து ஆற்றைத் தாண்டிவிடலாம் என்று 1834இல் ஒரு பத்திரிகை கிண்டலடித்தது. நாளடைவில் கிண்டல் உதிர்ந்துபோய், தன் கையே தனக்குதவி என்று மேலே வந்ததைப் பாராட்டும் பொருள் ஒட்டிக்கொண்டது. வெளி முதலீடு வாங்காமல் வளர்ந்த ஸோஹோவை வணிகப் பத்திரிகைகள் ‘பூட்ஸ்ட்ராப்ட்’ நிறுவனம் என்று எழுதுவது இந்தப் பொருளில்தான்.

கணினிக்கு இந்தச் சொல் வந்தது 1950களின் தொடக்கத்தில். ஐபிஎம் 701 எந்திரத்தில் ‘லோட்’ என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்த நாடாவிலிருந்தோ காந்த உருளையிலிருந்தோ 36 பிட் நீளமுள்ள ஒரே ஒரு துணுக்கை எந்திரம் நினைவகத்தில் ஏற்றும். அதன் இடப்பாதியான 18 பிட், ஓர் ஆணை. பெரும்பாலும் அந்த ஆணை சொல்வது ‘இன்னும் கொஞ்சம் வாசி’ என்பதுதான். அப்படி வாசித்ததற்குள் இதைவிடப் பெரிய வாசிப்பு ஆணைகள் இருக்கும். சிறியது பெரியதை இழுத்துவரும் இந்த உத்திக்கு பூட்ஸ்ட்ராப் என்ற பெயர் 1953 வாக்கில் அச்சில் வந்துவிட்டது. பிறகு வால் அறுந்து பூட் ஆயிற்று.

இந்த வசதி இல்லாத எந்திரங்களில் மனித விரல்கள்தான் வார். 1975இல் வந்த ஆல்டேர் 8800இன் முகப்பில் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி, முதல் சில ஆணைகளை ஒவ்வொரு பைட்டாக ஊட்ட வேண்டும். கரண்ட் போய் வந்தால் மறுபடி முதலிலிருந்து. இந்த விரல் வேலையை அழியாத சிப் ஒன்றில் எழுதிவைத்ததுதான் அடுத்த கட்டம். 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் அந்தச் சிப்பில் இருந்தது பயாஸ். அந்தப் பெயர் அதற்கு முன்பே கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளத்தில் புழங்கியது. ஆக, வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்குவது இன்றைக்கும் நடக்காத காரியம்தான். முதல் தூக்கு விரலிலிருந்தோ சிப்பிலிருந்தோ வருகிறது. பிறகு ஒவ்வொன்றும் அடுத்ததைத் தூக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பழுது பார்ப்பவருக்கு இந்தச் சொல்வரலாற்றால் கிடைக்கும் லாபம் இதுதான்: ‘பூட் ஆகல’ என்றதும், எந்தக் கைவரை வந்து நின்றது என்று தேடலாம்.

முதல் கை, பெட்டிக்குள் மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ். விசிறி சுற்றினால் கரண்ட் சரியாக இருக்கிறது என்று பலர் முடிவு கட்டிவிடுவார்கள். விசிறிக்கு 12 வோல்ட் வந்தால் போதும், அது சுற்றும். எஸ்எம்பிஎஸ்ஸோ தன் மின்னழுத்தங்கள் எல்லாம் நிலைப்பட்டபின், 100 முதல் 500 மில்லிவினாடி தாமதத்தில், ‘பவர் குட்’ என்றொரு சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்ப வேண்டும். அது வரும்வரை செயலி ரீசெட் நிலையிலேயே பிடித்து வைக்கப்பட்டிருக்கும். கெப்பாசிட்டர் உப்பிப்போன பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் விசிறி ஓடும், பவர் குட் வராது. அல்லது வந்து வந்து போகும். அந்த நிலையில் ஓஎஸ் போட்டுப் பார்ப்பது வெட்டி வேலை. நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரவல் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நேர்வழி. அடியோடு டெட் என்றால் கேபிளையும் எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க சுவிட்சையும் பார்த்துவிட்டு, முகப்புப் பொத்தானின் வயரை மதர்போர்டிலிருந்து உருவி, அந்த இரண்டு பின்களைத் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டால், பழுது பொத்தானிலா உள்ளேயா என்று தெரிந்துவிடும்.

பவர் குட் கிடைத்ததும் செயலி எட்டிப் பார்க்கும் முதல் முகவரி முன்கூட்டியே நிர்ணயித்தது: இன்றைய எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) செயலிகளில் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே. அங்கே காத்திருப்பது பயாஸ் சிப்பின் நிரல். அது செய்யும் முதல் வேலை போஸ்ட் எனப்படும் தற்சோதனை. ரேம் இருக்கிறதா, டிஸ்பிளே கார்டு இருக்கிறதா என்று பார்க்கும் இந்தக் கட்டத்தில் திரை இன்னும் உயிர் பெற்றிருக்காது. கோளாறைச் சொல்ல வேறு வாய் இல்லாததால்தான் ‘பீப்’ ஒலி. அவார்டு பயாஸில் ஒரு நீளமும் இரண்டு குட்டையும் கேட்டால் டிஸ்பிளேயில் கோளாறு. மற்ற நிறுவனங்களின் பீப் கணக்கு வேறு, ஒன்றை வைத்து இன்னொன்றை வாசிக்கக்கூடாது. இப்போதைய போர்டுகள் பலவற்றில் ஸ்பீக்கரே கிடையாது. அதற்குப் பதில் சிபியூ, டிராம், விஜிஏ, பூட் என்று பெயர் போட்ட நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே கோளாறு. இந்த விளக்குகள் வரிசையில் பூட் கடைசியாக வருவதைக் கவனியுங்கள். போர்டு செய்தவர்களின் அகராதியில் ரேமும் திரையும் பூட்டில் சேர்த்தி இல்லை. வட்டைத் தேடிப் பிடிக்கும் இடம் மட்டுமே பூட். வாடிக்கையாளருக்கு எல்லாமே பூட். சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நோ டிஸ்பிளேயில் அடிக்கடி அகப்படும் குற்றவாளி ரேம். மின் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டும் வைத்தியம் எல்லாக் கடைகளிலும் உண்டு. ஆக்சிஜனால் மங்கிய தொடர்புமுனையை அது சுத்தப்படுத்துகிறது, அவ்வளவுதான், மந்திரம் ஒன்றுமில்லை. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு போட்ட பெட்டியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டு துளையில் செருகிவிட்டு ‘டிஸ்பிளே வரல’ என்று தவிப்பதும் சகஜம்.

அடுத்த கை வட்டைத் தேடும் இடம். பழைய முறையில் பயாஸ் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் வாசிக்கும். அதில் 446 பைட் நிரல், 64 பைட்டில் வட்டின் பாகப்பிரிவினை விவரம், கடைசி 2 பைட்டில் ஒரு கையொப்பம். கையொப்பம் சரியில்லை என்றால் அந்த வட்டை பூட் செய்யத் தக்கதாக அது மதிக்காது. இந்த முதல் துண்டின் அருமை தெரிந்தவர்கள் வைரஸ் எழுதியவர்கள். 1986இல் லாகூரைச் சேர்ந்த பாசித், அம்ஜத் ஃபாரூக் ஆல்வி சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ பிளாப்பியின் முதல் துண்டில்தான் போய் உட்கார்ந்தது. இயங்குதளம் கண்விழிக்குமுன்பே அது விழித்துவிடும். பயாஸின் இடத்துக்கு வந்திருக்கும் இன்றைய யூஈஎஃப்ஐ முறையில் முதல் துண்டை நம்புவதில்லை. வட்டிலுள்ள ஒரு சிறு பகுதியில் கோப்பாக இருக்கும் ஏற்றியை, அதாவது இயங்குதளத்தை ரேமுக்குக் கொண்டுவரும் நிரலை, பெயர் சொல்லி எடுக்கிறது. பழைய முறையில் விண்டோஸ் போட்ட வட்டை, யூஈஎஃப்ஐ மட்டும் என்று அமைத்த போர்டு கண்டுகொள்ளாது. வட்டில் பழுதே இருக்காது.

இதே இடத்தில் இன்னொரு மாயம் நடக்கும். போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி, 3 வோல்ட். அது தீர்ந்தால் தேதி பல ஆண்டு பின்னே போகும், பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆலையில் வைத்த நிலைக்குத் திரும்பும், பழைய முறையில் பூட் செய்யச் சொல்லி வைத்த அமைப்பும் சேர்ந்து போய்விடும். திரையில் ‘ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்’ என்று வரி நிற்கும். ஹார்ட் டிஸ்க் போச்சு என்று புதிது வாங்குவதற்குமுன் பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். தேதி பிறழ்ந்திருந்தால் முதலில் பேட்டரி. செருகி மறந்த பென் டிரைவையும் பிடுங்கிவிடுங்கள்.

ஏற்றி கையில் வந்தபிறகு நிற்பது வேறு வகை. எக்ஸ்பி காலத்தில் ‘என்டிஎல்டிஆர் இஸ் மிஸ்ஸிங்’, விஸ்டாவுக்குப் பிறகு ‘பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்’, லினக்ஸில் ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்று வருவது இந்தப் படி. இதையும் தாண்டி இயங்குதளத்தின் கருவான கெர்னல் எழுந்து, வன்பொருளோடு பேசும் டிரைவர் நிரல்களை ஏற்றும்போது விழுவது கடைசிப் படி. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் சிக்கிச் சுழன்றது இங்கேதான். வன்பொருள் எல்லாம் நன்றாக இருந்தது, ஏற்றியும் தன் வேலையை முடித்திருந்தது. சேஃப் மோடில் போய் ஒரு கோப்பை நீக்கியதும் பல கணினிகள் எழுந்துவிட்டன.

இனி தமிழ்ச் சொல். தொடக்கம், துவக்கம், இயக்கத் தொடக்கம் ஆகியவை புழக்கத்தில் உள்ளன. ‘தொடங்கு’ பழைய சொல். ‘தொடங்கற்க எவ்வினையும்’ என்கிறது 491ஆம் குறள். இடம் கண்ட பிறகே தொடங்கு என்று அது முடிவது பூட் டிவைஸுக்கும் பொருந்துகிறது. ‘துவக்கு’ என்பதில் ஒரு வில்லங்கம். ஈழத்தில் துவக்கு என்றால் துப்பாக்கி. ஆகவே இரு கரையிலும் வாசிக்க வேண்டிய எழுத்தில் தொடக்கமே நல்லது. ஆனால் அது அகலமான சொல். ஆன் செய்வது, ஆப்பைத் திறப்பது, பூட் ஆவது மூன்றையும் அது விழுங்கிவிடும். ஐபிஎம் தன் 1964ஆம் ஆண்டு சிஸ்டம்/360க்கு பூட் என்ற சொல்லை விட்டுவிட்டு ‘இனிஷியல் புரோகிராம் லோட்’ என்று பெயர் வைத்தது. அதைத் தழுவினால் ‘தொடக்க நிரலேற்றம்’ கிடைக்கிறது. நடப்பதை உள்ளபடி சொல்வது இதுதான் என்பது என் கட்சி. பதிவேற்றம் என்று சொல்லிப் பழகிய காதுக்கு ‘ஏற்றம்’ அந்நியமும் இல்லை. நீளம் கருதிப் பொதுவில் இயக்கத் தொடக்கம் என்று எழுதலாம். பூட் லோடர் தொடக்க ஏற்றி, பூட் ஆர்டர் தொடக்க வரிசை. பூட்ஸ்ட்ராப்பை வார் என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது வேண்டாத வேலை. கடையில் போய் ‘இயக்கத் தொடக்கம் நிகழவில்லை’ என்று சொல்லவும் தேவையில்லை. ‘சின்னம் வருது, அதுக்கப்புறம் நிக்குது’ என்று சொன்னால் எந்தக் கலைச்சொல்லையும்விட அது உதவும்.

ரீபூட்டுக்கு மறுதொடக்கம் நன்றாக வேரூன்றிவிட்டது. மின்சாரத்தை நிறுத்தி எழுப்புவது கோல்ட் பூட், நிறுத்தாமல் எழுப்புவது வார்ம் பூட். ஐபிஎம் பொறியாளர் டேவிட் பிராட்லி அமைத்த கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூவிசை முதல் பிசியில் செய்தது இரண்டாவதை. நினைவகச் சோதனையைத் தாண்டிச் செல்வதால் அது விரைவாக முடிந்தது. தண் தொடக்கம், வெம் தொடக்கம் என்று பெயர்ப்பதைவிட முழு மறுதொடக்கம், இடை மறுதொடக்கம் என்பது விளங்கும். இந்த வேறுபாடு இன்று தலைகீழாகியும் விட்டது. விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் ஷட்டவுன் கொடுத்தால், கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டே அது அணைகிறது. மறுநாள் ஆன் செய்யும்போது எழுதியதையே எடுத்து ரேமில் பரப்பும். முரண்டு பிடித்த டிரைவரும் அதே முரண்டோடு திரும்பி வரும். ‘அணைச்சுப் போட்டும் சரியாகல’ என்பவர் ஒருமுறை ரீஸ்டார்ட் கொடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுக்க வேண்டும்.