வீடு தர மறுப்பதும் நோய்க்காரணம்தான்

சென்ற வாரம் என் முன்னால் வந்து உட்கார்ந்த இளைஞர், பேச வாயெடுக்கும் முன்பே கைக்குட்டையை நான்காக மடித்து வாயைப் பொத்திக்கொண்டார். மணிப்பூரிலிருந்து வந்து வேளச்சேரியில் ஓர் உணவகத்தில் வேலை பார்ப்பவர். இருமல் மூன்று மாதமாக இருக்கிறது. கொரோனா பரவத் தொடங்கிய நாள்களில் ரயிலில் தும்மியதற்கு ‘ஏய் கொரோனா’ என்று கூவி விலகினார்களாம். அன்றிலிருந்து வெளியில் இருமலை அடக்கப் பழகிவிட்டாராம். சளியில் காசநோய் உறுதியானது. இப்படி நாள் கடத்தி வருபவர்களில் இவர் முதலாமவர் அல்லர் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

மறுநாள் அவருடைய வீட்டு உரிமையாளர் வந்தார். நோயாளியைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்றேன். “வெளியூர்லேர்ந்து வர்ற இவங்கதான், டாக்டர், நோயை எங்கிருந்தோ கொண்டாந்து விடுறாங்க” என்றார்.

சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. காசநோய்க் கிருமி நேற்று ரயிலேறி வந்து சென்ட்ரலில் இறங்கியதன்று. தலைமுறைகளாக இந்நகரத்திலேயே குடியிருப்பது. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு அது தொற்றியிருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. என் உடலிலும் இருக்கலாம், அந்த உரிமையாளரின் உடலிலும் இருக்கலாம். தொற்றியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோயாக வெளிப்படும். அவர்கள் யார் என்பதைத் தீர்மானிப்பவை கண்ணின் வடிவமும் தோலின் நிறமும் அல்ல. அரை வயிற்றுச் சாப்பாடு, நீரிழிவு, புகை, எச்ஐவி, காற்றில்லாத நெரிசல் போன்றவையே.

அந்த இளைஞரின் அறையில் எட்டுப் பேர் முறைவைத்துப் படுக்கிறார்கள். இருக்கும் ஒரே சன்னல் பக்கத்துச் சுவரைப் பார்த்திருக்கிறது. வேறு வீடு தேடாமல் இல்லை. முகத்தைக் கண்டதும் ‘வீடு போயிடுச்சு’ என்பார்களாம், ‘டு லெட்’ பலகை மட்டும் அடுத்த வாரமும் தொங்குமாம். அப்படி மறுத்தவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் எட்டுப் பேரை ஓர் அறையில் அடைத்தார்கள் என்பதை எழுத நோயாளிக் குறிப்பேட்டில் இடமில்லை.

நோயாளியை அப்புறப்படுத்துவதே பாதுகாப்பு என்ற எண்ணத்துக்கு மறுப்பு இதே சென்னையில்தான் கிடைத்தது. 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம், நெரிசலில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும் (காசநோயாளிகளைத் தங்கவைக்கும் தனி மருத்துவமனை) மற்றவர்களுக்கு வீட்டிலுமாகச் சிகிச்சை அளித்து, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பலன்தான் என்று 1959இல் வெளியிட்டது. தொடர்ந்து கவனித்ததில், வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் கற்றுக்கொண்டது, நாம் மறந்துவிட்டோம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைப் பரிசோதியுங்கள். (டப்பாவில் வேண்டியது எச்சில் அன்று, நெஞ்சிலிருந்து காறியெடுத்த சளி, தினமும் பாதி டப்பாக்கள் எச்சிலோடுதான் வருகின்றன.) அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சாதாரணக் காசநோய்க்கு மாத்திரை 6 மாதம். நடுவில் நிறுத்தாதீர்கள், ஊருக்குப் போவதானால் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கே தொடர ஏற்பாடு உண்டு. உடன் தங்குபவர்களும் பரிசோதனைக்கு வர வேண்டும். தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைக்காதீர்கள், அவற்றால் இது பரவாது. முதலாளிமார்களே, தயவுசெய்து நோய் என்பதற்காக ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் அடுத்தவர் தம் இருமலைச் சொல்லமாட்டார்.

உரிமையாளரிடமும், யாருக்கு நோய் என்று பேசாமல், எவரையும் காலி செய்யச் சொல்ல வேண்டாம், எதிர்ச் சுவரில் இன்னொரு சன்னல் வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கொத்தனாரைக் கேட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.