இருந்தால் போதுமா, இல்லாமல் முடியாதா? சட்ட நுழைவுத் தேர்வில் மாணவர்கள் தடுமாறும் இடம்

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான கிளாட் தேர்வுக்கு மாணவர்களைத் தயார் செய்யும் பணியில் இருக்கும் எனக்கு, ஒவ்வோர் ஆண்டும் ஒரே வகையான மதிப்பெண் பட்டியல் கண்ணில் படுகிறது. ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் இருக்கும். நடப்பு நிகழ்வுகளில் குறை இருக்காது. கணக்குப் பகுதியையும் மாணவர் ஓரளவு சமாளித்திருப்பார். ஆனால் 'இப்படி இருந்தால் அப்படி ஆகும்' என்ற நிபந்தனை வடிவில் அமைந்த வினாக்களில் மட்டும் மாதிரித் தேர்வுக்கு மாதிரித் தேர்வு சறுக்கிக்கொண்டே இருப்பார். 'இவனுக்கு லாஜிக் வராது' என்று வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். சில மாதங்களில் மாணவரும் அதை நம்பத் தொடங்கிவிடுவார். அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை என்பதையும், அந்தத் தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பெற்றோரும் மாணவரும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேர்வின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இளநிலைப் படிப்புக்கான கிளாட் தேர்வில் இப்போது 120 வினாக்கள். நேரம் 2 மணி. ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.25 மதிப்பெண் கழிக்கப்படும். பத்திகளைப் படித்து விடையளிக்கும் முறை 2020 முதல் நடைமுறையில் உள்ளது. சட்டப் பகுத்தறிவு, தர்க்கப் பகுத்தறிவு ஆகிய இரு பகுதிகளும் சேர்ந்து வினாத்தாளில் ஏறத்தாழப் பாதி இடத்தைப் பிடிக்கின்றன. சட்டப் பகுத்தறிவில் ஒரு விதி தரப்படும், பின்னர் ஒரு நிகழ்ச்சி தரப்படும், அந்த விதி அந்த நிகழ்ச்சிக்குப் பொருந்துமா என்று கேட்கப்படும். விதி என்பதே நிபந்தனைகளால் ஆனது. ஆகவே நிபந்தனைக் கூற்றைச் சரியாகப் படிக்கத் தெரியாத மாணவர் ஓரிரு வினாக்களை மட்டுமல்ல, தாளின் மிகப் பெரிய பகுதியையே ஆபத்தில் வைத்துக்கொண்டு தேர்வறைக்குள் செல்கிறார்.

தவறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிகழ்கிறது. நம் தருக்க நூலார் கையாண்ட பழைய எடுத்துக்காட்டையே வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன்: புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு. இதைக் கேட்டதும், நெருப்பு உள்ள இடத்தில் புகையும் உண்டு என்று மனம் தானாகவே சேர்த்துக்கொள்கிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை என்று காட்டி அந்த நூலார் இதை மறுத்தார்கள். அதே நேரத்தில், நெருப்பே இல்லாத இடத்தில் புகையும் இருக்காது என்பதை, நீர் நிறைந்த ஏரியைச் சான்றாகக் காட்டி ஏற்றுக்கொண்டார்கள். இன்றைய பயிற்சி வகுப்புகளில் 'காண்ட்ராபாசிட்டிவ்' என்று சொல்லிக்கொடுப்பது இந்த ஏரியைத்தான். கூற்றை அப்படியே திருப்பிப் போட்டால் அது புதிய கூற்று. அதற்குத் தனியாகச் சான்று வேண்டும். திருப்பிப் போட்டு இரு பக்கமும் மறுத்தால் அது பழைய கூற்றேதான். அதற்கு வேறு சான்று எதுவும் தேவையில்லை.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் மாணவர்கள் ஏன் தவறுகிறார்கள்? நாள்தோறும் வீட்டில் நாம் பேசும் பேச்சு அப்படிப்பட்டது. 'வீட்டுப்பாடத்தை முடித்தால் போனைத் தருவேன்' என்று தாய் சொன்னால், முடிக்காவிட்டால் போன் கிடைக்காது என்பதும் அதில் அடக்கம் என்று குழந்தை புரிந்துகொள்கிறது. தாயும் அந்தப் பொருளில்தான் சொல்கிறார். மைக்கேல் கைஸ், ஆர்னால்ட் ஸ்விக்கி என்ற இரு மொழியியலாளர்கள் 1971-ஆம் ஆண்டிலேயே இந்த வழக்கத்தை விளக்கி எழுதினார்கள். அன்றாடப் பேச்சில் இப்படிப் புரிந்துகொள்வது தவறே அன்று. சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் புரிந்துகொள்வதால்தான் குடும்பம் நடக்கிறது. தேர்வோ, எழுதப்பட்டதற்கு மேல் ஒரு சொல்லையும் சேர்க்கக் கூடாது என்கிறது. பதினேழு ஆண்டுகளாக வளர்த்துக்கொண்ட ஒரு நல்ல பழக்கத்தை இரண்டு மணி நேரத்துக்கு ஒதுக்கிவைக்கும்படி அந்தப் பிள்ளையைக் கேட்கிறோம் என்பதைப் பெற்றோர் மனத்தில் கொள்ள வேண்டும்.

அறிவுக்குறை இதற்குக் காரணமன்று என்பதற்கு உளவியலில் நீண்டகாலச் சான்று இருக்கிறது. பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1966-இல் வெளியிட்ட சோதனை ஒன்று இன்றும் பேசப்படுகிறது. மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். மேலே தெரிபவை ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, ஓர் இரட்டைப்படை எண், ஓர் ஒற்றைப்படை எண். 'ஒரு பக்கத்தில் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கத்தில் இரட்டைப்படை எண் இருக்கும்' என்ற விதி உண்மையா என்று சோதிக்க எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும் என்பது கேள்வி. உயிரெழுத்து அட்டையையும் ஒற்றைப்படை எண் அட்டையையும் திருப்ப வேண்டும்; ஒற்றைப்படை எண்ணின் மறுபக்கம் உயிரெழுத்து இருந்தால் விதி பொய்த்துவிடும். இதைச் சரியாகச் செய்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் இரட்டைப்படை அட்டையைத் திருப்பினார்கள், அதாவது கூற்றைத் திருப்பிப் போட்டுப் படித்தார்கள். பின்னர் 1982-இல் கிரிக்ஸ், காக்ஸ் ஆகியோர் அதே சோதனையை, 'பீர் அருந்துபவர் 19 வயதைக் கடந்தவராக இருக்க வேண்டும்' என்ற விதியாக மாற்றிப் புளோரிடாவில் நடத்தியபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாக விடையளித்தனர். தர்க்கம் ஒன்றே, பழகிய உலகத்துக்குள் அதைக் கொண்டுவந்ததும் மனம் சரியாக வேலை செய்தது.

இதிலிருந்து ஆசிரியர்கள் கற்க வேண்டியதும் உண்டு. பாட்ரிசியா செங், கீத் ஹோலியோக் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் தர்க்கவியல் பாடம் படித்தவர்களிடம்கூட இந்த வகைச் சோதனையில் சொல்லத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. விதியை எடுத்துக்காட்டுகளோடு இணைத்துக் கற்பித்தபோதுதான் பயன் தெரிந்தது. 'இது இருந்தால் அது' என்பதற்கு அம்புக்குறி போட்டு, கூற்றை எழுத்துக்களால் ஆன சூத்திரமாக மாற்றி, அதை மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சி பல இடங்களில் நடக்கிறது. அம்புக்குறியை நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பொருளைப் புரிந்துகொள்வதற்கு முன்பே அம்பை வரையக் கற்றுக்கொண்ட மாணவர், தவறான திசையில் மிக வேகமாக வரைகிறார்.

எனவே குறியீட்டுக்கு முன்பாக இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழக்குகிறேன். இது இருந்தால் போதுமா? இது இல்லாமல் முடியுமா? 'ஹால் டிக்கெட் இருந்தால் மட்டுமே தேர்வறைக்குள் அனுமதி' என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட் இல்லாமல் முடியாது; ஆனால் அது மட்டும் இருந்தால் போதாது, ஏனென்றால் கதவை மூடிய பிறகு வருபவரிடமும் ஹால் டிக்கெட் இருக்கும். ஆங்கில வினாத்தாளில் 'ஒன்லி இஃப்' என்று வரும் இடமெல்லாம் இதுதான். அதை வெறும் 'இஃப்' போலப் படித்துவிடுவதே மிக அதிகமாக நான் காணும் பிழை. சட்ட வினாவில் இதே பிழை வேறு உடையில் வரும். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 11-ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செய்யத் தகுதி பெற, உரிய வயது, தெளிந்த மனநிலை, வேறு சட்டத்தால் தகுதி நீக்கப்படாமை ஆகிய மூன்றும் வேண்டும். நிகழ்ச்சியில் வருபவருக்கு 20 வயது என்று படித்ததும், மனநிலை பற்றிய வரியைக் கவனிக்காமல் 'ஒப்பந்தம் செல்லும்' என்று குறித்துவிடுகிறார்கள். இல்லாமல் முடியாத ஒன்றை, இருந்தாலே போதுமான ஒன்றாக எடுத்துக்கொண்டதன் விளைவு இது.

'அன்லெஸ்' என்ற சொல் அடுத்த சிக்கல். கட்டணம் பற்றிய ஒரு விதியில் அது வந்தால், 'கட்டணம் செலுத்தாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்' என்பதே அதன் பொருள். கட்டணம் செலுத்தினால் விண்ணப்பம் ஏற்கப்படும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. புகைப்படம் சரியில்லை என்றும் அதே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடத்தப்படுவதால், தமிழ்வழியில் படித்து வரும் மாணவர்களுக்கு இங்கே கூடுதல் சுமை இருக்கிறது. விதியை ஒருமுறை தமிழில் தமக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு விடைக்குச் செல்லும்படி அவர்களிடம் சொல்கிறேன். அதற்குச் சில நொடிகள் ஆகும். தவறாகப் புரிந்துகொண்ட விதியை வைத்து ஐந்து வினாக்களுக்கு விடையளிப்பதைவிட அந்த நொடிகள் மலிவானவை.

இரண்டு நிபந்தனைகள் சேர்ந்து வரும் விதியில் நல்ல மாணவர்களும் இடறுகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 21-ஆம் பிரிவு, முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவாக இருந்தது, ஏழு வயதுக்கு மேலும் பன்னிரண்டு வயதுக்குக் கீழும் உள்ள குழந்தை, தன் செயலின் தன்மையையும் விளைவையும் உணரும் அளவுக்கு மனமுதிர்ச்சி அடையாத நிலையில் செய்யும் செயல் குற்றமாகாது என்கிறது. பத்து வயதுச் சிறுவன் என்று மட்டும் கொடுத்துவிட்டு, முதிர்ச்சி பற்றிப் பத்தி ஒன்றும் சொல்லாவிட்டால், இந்த விதியை வைத்து மட்டும் அவனை விடுவிக்க முடியாது. பதின்மூன்று வயதுச் சிறுவனுக்கு முதிர்ச்சி இல்லை என்று கொடுத்திருந்தாலும் இந்த விதி அவனைத் தொடவே தொடாது; அதனால் அவன் குற்றவாளி என்றும் இந்த விதி சொல்லவில்லை. விதி பேசாத இடத்தில் விடையும் பேசக் கூடாது. 'தரப்பட்ட தகவலிலிருந்து முடிவு செய்ய இயலாது' என்ற விடையைத் தேர்ந்தெடுப்பது தோல்வி போலத் தோன்றுவதால் மாணவர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். உண்மையில் அந்த விடையைத் தயங்காமல் குறிக்கும் துணிவு வந்ததும்தான் ஒரு மாணவர் இந்தப் பகுதியில் தேறிவிட்டார் என்று நான் கருதத் தொடங்குகிறேன்.

சட்டத்தை முன்பே ஓரளவு படித்தவர்களுக்கு இன்னோர் இடர் உண்டு: தாம் அறிந்த சட்டத்தைப் பத்தியின் விதிக்குள் கலந்துவிடுவார்கள். பத்தியில் உள்ள விதி நடைமுறைச் சட்டத்துக்கு மாறாக இருந்தாலும், அந்த வினாவுக்கு அதுவே சட்டம்.

கூடுதல் பயிற்சிக்காக, அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வாகிய எல்சாட்டின் புத்தகங்களைச் சிலர் வாங்குகிறார்கள். பழைய பதிப்புகளில் 'லாஜிக் கேம்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். 2024 ஆகஸ்ட் முதல் அது அந்தத் தேர்விலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. கிளாட் மாணவர்கள் அதில் நேரம் செலவிட வேண்டியதில்லை. 'லாஜிக்கல் ரீசனிங்' பகுதியில் உள்ள நிபந்தனை வினாக்கள் மட்டும் நல்ல பயிற்சி தரும்.

மதிப்பெண் உயராத மாணவரிடம் நான் முதலில் கேட்டு வாங்குவது தவறிய வினாக்களின் நோட்டைத்தான். பெரும்பாலோரிடம் அப்படி ஒன்று இருப்பதில்லை. நாளுக்கு நூறு வினா போடுகிறார்கள், விடைத்தாளோடு ஒப்பிட்டு மதிப்பெண்ணைக் கூட்டுகிறார்கள், அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்கள். அப்படிச் செய்யும்போது பயிற்சி பெறுவது பழைய பிழைதான். நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு வினாக்கள் போதும். தொடக்கத்தில் சில வாரங்களுக்குக் கடிகாரம் வேண்டாம். தவறிய ஒவ்வொரு வினாவுக்கும், சரியான விடை ஏன் சரி என்பதோடு, தாம் தேர்ந்தெடுத்த விடை ஏன் சரியாகத் தோன்றியது என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். 'திருப்பிப் போட்டுவிட்டேன்', 'இரண்டில் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டேன்' என்ற வரிகள் அந்த நோட்டில் மறுபடி மறுபடி வரும்போது, தன் பிழைகள் எல்லையற்றவை அல்ல, இரண்டு மூன்று வகைதான் என்று மாணவரே கண்டுகொள்கிறார். முகம் தெளிவதை அந்த வாரத்தில்தான் பார்க்கலாம். வேகத்தை அதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மாதிரித் தேர்வு முடிந்து வரும் பிள்ளையிடம் எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன்பாக, இன்று தவறிய வினாக்களில் ஒன்றை எனக்கு விளக்கு என்று கேட்டுப் பாருங்கள். உங்களுக்குச் சட்டமோ தர்க்கமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. விதியைத் தன் சொந்தச் சொற்களில், சட்டம் படிக்காத ஒருவருக்குப் புரியும்படி சொல்ல முயலும்போது, எந்தச் சொல்லில் தான் வழுக்கினோம் என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். நடுவில் நிறுத்தி, 'அது மட்டும் இருந்தால் போதுமா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள்.