ஃபிளெக்ஸ் பிளேட் ஏன் உடைகிறது?

ஐடிலில் நிற்கும் டீசல் பிக்கப்பின் அடியிலிருந்து 'டக் டக்' என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் வந்தால், முதலில் இன்ஜின் மேல்தான் சந்தேகம் விழும். கனெக்டிங் ராட் பேரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று பேச்சு தொடங்கிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் உள்ள வண்டி என்றால் அந்த முடிவுக்கு வருவதற்கு முன் இன்னொரு இடத்தைப் பார்த்துவிட வேண்டும். இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள ஓர் எஃகுத் தட்டு இருக்கிறது. அதுதான் ஃபிளெக்ஸ் பிளேட். அதில் விரிசல் விட்டாலும் இதே சத்தம்தான் வரும். கியரில் போட்டதும் சத்தம் மாறினாலோ அடங்கினாலோ, இன்ஜினை அணைக்கும்போது கடைசி இரண்டு மூன்று சுற்றில் தகரம் உதறுவதுபோல் கேட்டாலோ, சந்தேகம் வலுக்கிறது.

மேனுவல் கியர் வண்டியில் இந்த இடத்தில் கனமான ஃபிளைவீல் இருக்கும். கிளட்ச் பிளேட் உரச அதற்கு ஒரு பரப்பு வேண்டும், சுழற்சியைச் சீராக்க எடையும் வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் அந்த எடையை, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரே கொடுத்துவிடுகிறது. அதனால் நடுவில் ஒரு மெல்லிய தட்டு போதும். அதன் மையம் இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடும் வெளிப்பகுதி கன்வெர்ட்டரோடும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். செல்ஃப் மோட்டார் கடித்துச் சுற்றும் ரிங் கியரும் இதே தட்டின் விளிம்பில்தான் இருக்கிறது.

மெல்லியதாகச் செய்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடும்போது கன்வெர்ட்டர் ஒரே அளவில் இருப்பதில்லை. உள்ளே ஆயில் சூடாகி, அழுத்தமும் ஏறும்போது அது லேசாக உப்பி முன்னே தள்ளுகிறது. தட்டு வளைந்து கொடுக்காவிட்டால் அந்தத் தள்ளல் முழுவதும் கிராங்க் ஷாஃப்டின் முன்பின் தள்ளலைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மேல் போய் விழும். ஆகவே சுழலும் திசையில் இம்மியும் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க வேண்டும், முன்னும் பின்னும் மட்டும் வளைய வேண்டும். பள்ளிக்கூடப் பையில் இருக்கும் இரும்பு ஸ்கேலை எடுத்துப் பாருங்கள். தட்டையாகப் பிடித்தால் ஒரு விரலால் வளைக்கலாம். குறுகிய பக்கமாகப் பிடித்தால் இரண்டு கையாலும் அசையாது. தட்டின் தடிமனைப் பாதியாகக் குறைத்தால் முறுக்கைத் தாங்கும் விறைப்பு பாதியாகும், ஆனால் வளைவை எதிர்க்கும் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் ஃபிளெக்ஸ் பிளேட்டை வடிவமைக்கிறார்கள்.

டாட்ஜ் ராம் பிக்கப்பில் 1989 மாடலில் கம்மின்ஸ் 5.9 லிட்டர் இன்ஜின் வந்தபோது அதன் டார்க் (முறுக்கு விசை) 400 பவுண்டு-அடி, அதாவது சுமார் 542 நியூட்டன் மீட்டர். அதன் வழிவந்த 6.7 லிட்டர் இன்ஜினின் 2021 ஹை அவுட்புட் வகை 1,075 பவுண்டு-அடி தருகிறது, சுமார் 1,458 நியூட்டன் மீட்டர். கிராங்க் முனையில் போல்ட்டுகள் அமைந்த வட்டத்தின் ஆரத்தை 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்த டார்க் அங்கே சுமார் 3 டன் எடைக்குச் சமமான விசை. அதுவும் சராசரிதான். ஆறு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் 120 டிகிரி திரும்பும்போதெல்லாம் ஒரு சிலிண்டர் எரிகிறது. எரியும் கணத்தில் டார்க் சராசரிக்கு வெகு மேலே ஏறி, அடுத்த கணம் இறங்குகிறது. 1,800 ஆர்.பி.எம்.மில் இது நொடிக்கு 90 முறை. டீசலில் கம்ப்ரஷன் அதிகம் என்பதால் இந்த ஏற்ற இறக்கமும் பெட்ரோல் இன்ஜினைவிடக் கடுமையாக இருக்கும். குறைந்த ஆர்.பி.எம்.மில், கன்வெர்ட்டர் லாக்-அப் ஆன (இன்ஜினும் கியர் பாக்ஸும் நேரடியாகப் பூட்டிக்கொண்ட) நிலையில், பாரமான டிரெய்லரை இழுக்கும்போது தட்டின் மேல் விழும் அடி இன்னும் கூடும். லாக்-அப்பில் ஆயிலின் மென்மையான இணைப்பு விலகி, டேம்பர் ஸ்பிரிங்குகள் மட்டும்தான் அதிர்வை வாங்கிக்கொள்கின்றன.

இவ்வளவையும் தாங்கும்படி நல்ல தட்டைச் செய்ய முடியும், செய்கிறார்கள். அப்படியிருந்தும் உடைகிறது என்றால் பெரும்பாலும் அது தவறான முறையில் வளைக்கப்பட்டிருக்கிறது. கிராங்க் ஷாஃப்டின் மையக் கோடும் கியர் பாக்ஸின் மையக் கோடும் ஒன்றாக இல்லாவிட்டால், தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை முன்னும் பின்னும் மடங்கும். 2,000 ஆர்.பி.எம்.மில் மணிக்கு 1,20,000 முறை. எட்டரை மணி நேர ஓட்டத்தில் அது 10 லட்சத்தைத் தாண்டிவிடும். ஒருமுறை வளைத்தால் எதுவும் ஆகாத விசைகூட லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் எஃகை உடைக்கும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் ரயில் அச்சுகளைச் சோதித்துக் காட்டினார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் நடைமுறையில் அது உடைவதில்லை. சரியாகப் பொருத்திய தட்டு அந்த வரம்புக்குக் கீழே வாழ்கிறது. கோணலாகப் பூட்டியது அதற்கு மேலே போய்விடுகிறது.

இன்னொரு காரணம் தளர்ந்த போல்ட். டார்க்கைக் கடத்துவது போல்ட்டின் தண்டு என்றுதான் தோன்றும். உண்மையில் போல்ட்டின் வேலை தட்டையும் கிராங்க் முனையையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது. அந்த அழுத்தத்தால் வரும் உராய்வுதான் டார்க்கைக் கடத்துகிறது. இறுக்கம் குறைந்தால் தட்டு நூலளவு வழுக்கி வழுக்கித் தேய்ந்து, துளை முட்டை வடிவாகி, அதன் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்புகிறது.

விரிசல் பெரும்பாலும் மைய போல்ட்டுகளைச் சுற்றி வட்டமாக ஓடும். முழுவதும் சுற்றி வந்துவிட்டால் மையம் கிராங்கோடு நின்றுவிடும், வெளிப்பகுதி தனியாகிவிடும். அப்புறம் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ரிங் கியரைச் சுற்றும், இன்ஜின் சுற்றாது.

மாற்றும் வேலையில் பாதிக்கு மேல் கழற்றுவதுதான். இரண்டு பேட்டரியையும் துண்டித்து, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ் மெம்பர், நான்கு சக்கர இழுவை என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஆயில் கூலர் குழாய்கள், ஒயரிங், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். சிறு திறப்பு வழியாக இன்ஜினைக் கையால் சுற்றிச் சுற்றி கன்வெர்ட்டர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிய பிறகே, நூறு கிலோவுக்கு மேல் கனக்கும் கியர் பாக்ஸை அதற்கான ஜாக்கியில் தாங்கிப் பின்னால் இழுக்க முடியும். கன்வெர்ட்டரும் கியர் பாக்ஸோடு சேர்ந்தே வர வேண்டும்.

பழைய தட்டை உடனே குப்பையில் போட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் உடைந்தது என்பதைச் சொல்லக்கூடிய சாட்சி அதுதான். துளைகளைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள் படிந்திருந்தால் போல்ட் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். துளைகள் வட்டமாக இருந்து விரிசல் மட்டும் வளையமாக ஓடியிருந்தால் மையம் விலகியிருக்கலாம். அப்போது கியர் பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்கள் என்னும் சிறு உருளை ஊசிகளைத் தேடிப் பாருங்கள். முந்தைய முறை கியர் பாக்ஸை இறக்கியவர் ஒரு பின்னைத் திரும்பப் போடாமல் விட்டிருந்தால், போல்ட் துளைகளில் இருக்கும் சிறு இடைவெளியே கியர் பாக்ஸை ஒரு பக்கம் தொங்கவிடப் போதும். இதைக் கவனிக்காமல் புதுத் தட்டைப் போட்டால் அதுவும் அதே இடத்தில் உடையும். பந்தய வண்டிகளுக்கான எஸ்.எஃப்.ஐ. 29.1 தரச் சான்று பெற்ற கெட்டியான தட்டுகள் கிடைக்கின்றன. பவரைக் கூட்டிய வண்டிக்கு அவை தேவைதான். ஆனால் மையம் விலகிய வண்டியில் அவற்றைப் போட்டால், தட்டு வளைய மறுக்கும் சுமை பேரிங்குக்கும் கியர் பாக்ஸின் ஆயில் பம்புக்கும் போய்ச் சேரும்.

புதியதைப் போடும் முன் கிராங்க் முனையில் துரு, பிசிறு எதுவும் இல்லாமல் துடைக்க வேண்டும். கசிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பின்பக்க ஆயில் சீலை இப்போதே மாற்றிவிடுவது நல்லது. அதற்காக மறுபடி இவ்வளவையும் இறக்க யாரும் விரும்பமாட்டார்கள். போல்ட்டுகளை எதிரெதிராக, படிப்படியாக, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜை வைத்துத் தட்டு ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் அதிகம் கெடுவது கன்வெர்ட்டரை உட்கார வைக்கும் இடத்தில்தான். அது மூன்று படியாக உள்ளே போக வேண்டும்: இன்புட் ஷாஃப்டின் பற்கள், ஸ்டேட்டர் தண்டின் பற்கள், கடைசியாக ஆயில் பம்பின் கடிப்பு. மூன்றாவது படியில் கடிக்காமலே பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கினால், பம்ப் நொறுங்கும், புதுத் தட்டும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே வளைந்துவிடும். ஹவுசிங் முகம் போல்ட் இறுக்காமலே இன்ஜினோடு சமமாக ஒட்டி, கன்வெர்ட்டரும் கையால் தள்ளினால் இலகுவாகச் சுற்ற வேண்டும். தட்டுக்கும் அதற்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் சரி. அதை முன்னே இழுத்துத் தட்டோடு பூட்டலாம்.

1996 முதல் 2002 வரை கம்மின்ஸ் ராமில் வந்த 47ஆர்இ கியர் பாக்ஸ் என்றால் இன்னும் ஒன்று. அதில் பார்க்கில் நிறுத்தினால் கன்வெர்ட்டருக்கு ஆயில் போகாது. ஆகவே முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் ஓடவிட்டு, ஆயில் அளவையும் அதே நிலையில்தான் பார்க்க வேண்டும்.