அடாஸ்: தானியங்கி அல்ல, ஓட்டுநர் துணை

'தானியங்கி வசதியுடன் புதிய கார்', 'செயற்கை நுண்ணறிவால் தானே ஓடும் கார்'. முன்கண்ணாடியில் ஒரு கேமராவும் பம்பருக்குள் ஒரு ரேடாரும் வைத்த எந்தக் கார் சந்தைக்கு வந்தாலும் செய்தித்தாளும் யூடியூப் விமர்சனமும் இப்படித்தான் எழுதுகின்றன. அந்தக் காரில் இருப்பது அடாஸ்: முன்னால் போகும் வண்டியையும் சாலைக்கோட்டையும் பார்த்து ஓட்டுநருக்கு உதவும் வசதிகள். 2021-இல் மகிந்திராவின் எக்ஸ்யூவி700 வந்த பிறகு நம் ஊர் ஷோரூம்களில் விற்பனைப் பையன் முதல் வாங்க வருபவர் வரை எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் அது. 'அட்வான்ஸ்டு டிரைவர் அசிஸ்டன்ஸ் சிஸ்டம்ஸ்' என்பதன் முதலெழுத்துச் சுருக்கம். நான்கு சொல்லையும் புரட்டிப் பார்த்தாலும் 'தானியங்கி' என்று பெயர்க்க அதில் ஒன்றுமே இல்லை. 'டிரைவர்' இருக்கிறார், அவருக்கு ஒரு 'அசிஸ்டன்ஸ்' இருக்கிறது. தமிழுக்கு வரும்போது முதலில் காணாமல் போகிறவர் அந்த டிரைவர்தான்.

வேர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'அசிஸ்ட்' லத்தீன் சொல்: 'அட்' (அருகே), 'சிஸ்டெரே' (நிற்றல்). பக்கத்தில் நிற்பது. தமிழில் இதற்கு 'துணை' இருக்கிறது. 'துணைக்கு வா' என்றால் என் வேலையை நீ செய் என்று பொருளில்லை, கூட இரு என்றுதான் பொருள். 'ஆட்டோமொபைல்' என்பதில் கிரேக்க 'ஆட்டோஸ்' (தான்) பாதி, லத்தீன் 'மொபிலிஸ்' (நகரக்கூடியது) பாதி. குதிரை பூட்டாமல் தானே நகரும் வண்டி என்பதால் வைத்த பெயர். ஆக, 'தானியங்கி' என்பது எழுத்துக்கு எழுத்து 'ஆட்டோமொபைல்' என்பதன் மொழிபெயர்ப்பு. அந்தக் கணக்கில் 1886-இல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியே தானியங்கிதான். 2021-இல் வந்த காரைப் புதிதாக அப்படி அழைப்பதில் என்ன செய்தி இருக்கிறது?

சிக்கல் இதோடு நிற்கவில்லை. கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத காருக்கும் 'தானியங்கி கார்' என்றே பெயர் வைத்திருக்கிறோம். ஓட்டுநரே இல்லாத காருக்கும் அதே பெயர். பழைய கார் விளம்பரத்தில் 'தானியங்கி, 2022 மாடல்' என்று பார்த்தால் கியரைச் சொல்கிறார்களா, தடம் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்புவதைச் சொல்கிறார்களா என்று போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். கியரைத் தவறாகப் புரிந்துகொண்டால் யாரும் சாகப்போவதில்லை. மற்றதில் சாவார்கள்.

அமெரிக்காவின் எஸ்ஏஈ என்ற பொறியாளர் அமைப்பு 2014-இல் 'ஜே3016' என்ற தரக்குறிப்பை வெளியிட்டது. பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு படிகள். காருக்கு முன்னே போகும் வண்டியின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்வது மட்டும் இருந்தால், அல்லது தடத்தின் நடுவில் காரை வைத்திருப்பது மட்டும் இருந்தால், படி 1. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் படி 2. இந்திய ஷோரூம்களில் 'லெவல் 2 அடாஸ்' என்று பெருமையாகச் சொல்வது இதைத்தான். இந்தப் படியிலும் சாலையைப் பார்க்க வேண்டியவர் ஓட்டுநர். மூன்றாம் படியில்தான், அதுவும் குறிப்பிட்ட சூழலில் மட்டும், பார்க்கும் வேலை காருக்குப் போகிறது. ஜப்பானில் 2021 மார்ச்சில் ஹோண்டா லெஜெண்ட் கார்கள் அப்படி வந்தன, அதுவும் வெறும் நூறு கார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மனியில் மெர்சிடிஸ் கொண்டுவந்தபோது மணிக்கு 60 கிலோமீட்டர் வரைதான் அனுமதி. எத்தனை கோடி ரூபாய்க் காராக இருந்தாலும் நம் நெடுஞ்சாலையில் 'தானே ஓடுகிறது' என்று காட்டப்படுபவை பெரும்பாலும் படி 2-தான்.

பலருக்கு வியப்பாக இருக்கும் ஒன்று: திடீரென்று தானே பிரேக் போடும் வசதி அந்தக் கணக்கில் பூச்சியப் படி. ஒரு நொடி குறுக்கிட்டு விலகிக்கொள்வதை ஓட்டுவதாகவே அந்தத் தரக்குறிப்பு எடுத்துக்கொள்வதில்லை. அது 'ஆட்டோனமஸ்', 'செல்ஃப் டிரைவிங்' போன்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆங்கிலக்காரனே தன் சொல் குழப்புகிறது என்று ஒதுக்கி வைத்ததை நாம் தேடி எடுத்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

இனி 'செயற்கை நுண்ணறிவு கார்' என்ற சொல்லாட்சி. அடாஸ் காரில் செயற்கை நுண்ணறிவு இருப்பது உண்மைதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் சின்னது. உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவின் படத்தைப் பார்த்து இது லாரி, இது பைக், இது நடந்து போகும் ஆள், இது வெள்ளைக்கோடு என்று பிரித்தறிவது பயிற்றப்பட்ட நரம்பு வலையமைப்பு, அதாவது நிறையப் படங்களைக் காட்டிப் பழக்கிய மென்பொருள். ரேடார் 77 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பித் தொலைவையும் நெருங்கும் வேகத்தையும் அளக்கிறது. அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணக்கு. முன்னால் உள்ள வண்டி 30 மீட்டரில், நெருங்கும் வேகம் மணிக்கு 54 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 15 மீட்டர். மோத 2 நொடி. இந்த எண் ஒரு வரம்புக்குக் கீழே வந்தால் பீப் ஒலி, இன்னும் கீழே போனால் பிரேக். கண் மட்டும் பழகியது, கை கணக்குப் போடுவது. ஸ்டீயரிங் தண்டின் மேலிருந்து அகச்சிவப்பு ஒளியில் ஓட்டுநரின் இமையைப் பார்த்து 'தூங்குகிறீர்கள், டீ குடியுங்கள்' என்று காபிக் கோப்பைப் படம் காட்டுவதும் இப்படித்தான். இதற்கு 'அறிவுள்ள கார்' என்று பட்டம் கட்டுவது மிகை.

அந்தக் கண்ணும் எளிதில் கெடும். கல் பட்டு முன்கண்ணாடியை மாற்றினால் கேமராவை மீண்டும் அளவுதிருத்த வேண்டும். அதற்குச் சமதளமான தரை, ஒட்டுத்தாளில் போட்டிருக்கும் அளவுக்கு டயரில் காற்று, காலியான டிக்கி, காருக்கு முன்னால் சொன்ன தொலைவில் கேமரா பார்த்து ஒப்பிடும் குறிப்பலகை எல்லாம் வேண்டும். சில கார்களில் அதற்குப் பிறகு ஸ்கேனரை மாட்டியபடி, கோடு தெளிவாக இருக்கும் சாலையில் ஓட்டிக் காட்டவும் வேண்டும். இதைச் செய்யாமல் கேமரா பக்கவாட்டில் ஒரே ஒரு பாகை திரும்பியிருந்தால் 100 மீட்டருக்கு அப்பால் 1.75 மீட்டர் பிசகும். நம் நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். பாதித் தடம் போய்விட்டது. பக்கத்துத் தடத்து லாரியைத் தனக்கு முன்னால் இருப்பதாக நினைத்துக் கார் வெறுமனே பிரேக் போடும், அல்லது முன்னால் இருப்பதை விட்டுவிடும். பம்பரில் பட்டி பார்த்துத் தடிமனாகப் பெயிண்ட் அடித்தாலும், ரேடாருக்கு முன்னால் இரும்பு பம்பர் கார்டு மாட்டினாலும் இதே கதி. கேமராவுக்கு முன்னால் சாமி படம் தொங்கினாலும் அது குருடுதான்.

எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு குறை மிஞ்சும். சாதாரண ரேடாருக்குச் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியும், மேலே தொங்கும் ஊர்ப்பலகையும், பாலத்தின் இரும்புச் சட்டமும் ஒன்றுதான்: மூன்றும் நிற்பவை. ஒவ்வொரு பலகைக்கும் பிரேக் போட்டால் யாரும் ஓட்ட முடியாது என்பதால், வேகமாகப் போகும்போது நிற்பவற்றை மென்பொருள் பெரும்பாலும் தள்ளிவிடும். கேமராவும் உறுதிசெய்தால்தான் கணக்கில் வரும். இரவில், தார்ப்பாய் போர்த்திய லாரியின் பின்புறத்தைக் எல்லா நேரமும் கேமரா லாரி என்று கண்டுகொள்ளும் என்று சொல்ல முடியாது. இதைக் கார் கையேடே எழுதி வைத்திருக்கிறது. 'தானியங்கி' என்று நம்பி வாங்கியவர் அந்தப் பக்கத்தை ஏன் திறக்கப் போகிறார்?

இப்போது போட்டிச் சொற்கள். முதல் பரிசு 'மேம்பட்ட இயக்கி உதவி அமைப்பு' என்பதற்கு. கணினியில் பிரிண்டரை இணைக்கும் மென்பொருளுக்கு 'இயக்கி' என்று பெயர் வைத்தோம். மொழிபெயர்ப்பு எந்திரம் அதை எடுத்துக் காரில் உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு மாட்டிவிட்டது. அதைப் படித்துப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பியவர் எந்திரமல்ல. 'லேன் அசிஸ்ட்' என்பதற்குச் 'சந்து உதவி'. நாலுவழிச் சாலையில் சந்து எங்கே வந்தது? முன்வண்டிக்கேற்ப வேகத்தை மாற்றும் 'அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல்' வசதிக்கு, 'குரூஸ்' என்றாலே கப்பல் என்று எண்ணி 'தகவமைப்புக் கப்பல் கட்டுப்பாடு'. 'தன்னாட்சி அவசர பிரேக்' இன்னொன்று. மாநிலத்துக்குத் தன்னாட்சி கேட்கலாம், பிரேக்குக்கு எதற்கு?

'மேம்பட்ட ஓட்டுநர் உதவி அமைப்பு' இவற்றைவிடப் பரவாயில்லை. ஆனால் 'மேம்பட்ட' என்பது ஓட்டுநரைச் சேர்கிறதா, உதவியைச் சேர்கிறதா என்று தெரியவில்லை. 'அமைப்பு' என்றதும் சங்கம் ஞாபகத்துக்கு வருகிறது. பெயரடையையும் 'அமைப்பு'வையும் வெட்டிவிட்டு 'ஓட்டுநர் துணை' என்றால் போதும். வரிசை முக்கியம். 'துணை ஓட்டுநர்' என்று புரட்டினால் துணைவேந்தர் மாதிரி பொறுப்பில் பாதியைக் காருக்குக் கொடுத்துவிடுவோம். 'ஓட்டுத்துணை' சுருக்கமாகவும் 'வழித்துணை'க்கு இணையாகவும் இருக்கிறது, ஆனால் தேர்தல் நேரத்தில் வேறு பொருள் தரும். 'ஓட்டுநர்' உயர்திணைப் பெயர் என்பதால் 'ஓட்டுநர் துணை'யில் நடுவே 'த்' மிக வேண்டியதில்லை. அது 'ஓட்டுனர்' அல்ல, 'ஓட்டுநர்' என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மற்றவற்றில் தூய்மைக்காக முறுக்கிக்கொள்ளத் தேவையில்லை. 'தடம் காத்தல்' எல்லோருக்கும் புரியும். வேகத்தை ஒரே அளவில் வைக்கும் 'குரூஸ்' என்ற டச்சு வேர்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, இடைவெளி பார்க்கும் வகையை 'இடைவெளி குரூஸ்' என்றால் மெக்கானிக்கும் தலையாட்டுவார். 'ஆட்டோ பிரேக்' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, இருக்கட்டும்.

இன்னொரு கூட்டம் புறநானூற்றின் 'வலவன் ஏவா வான ஊர்தி'யை எடுத்துவந்து அடாஸ் கார் விமர்சனத்துக்குத் தலைப்பாக்குகிறது. அழகான தொடர், வலவன் என்றால் தேரோட்டிதான். ஆனால் அந்தப் பாட்டில் அந்த ஊர்தி யாருக்குக் கிடைக்கிறது? செய்ய வேண்டியதைச் செய்து முடித்துப் புகழோடு உலகை விட்டுப் போனவர்களுக்கு. படி 2 காரில் கையை எடுத்துவிட்டுப் போனைப் பார்ப்பவருக்கு அது நேரடியாகவே பொருந்தும்: மணிக்கு 100 கிலோமீட்டரில் மூன்று நொடிக்குள் 83 மீட்டர் போய்விடும். அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாமல் ஓடும் வேமோ டாக்சிக்கு வேண்டுமானால் 'ஓட்டுநரில்லாக் கார்' என்று சொல்லலாம்.

நிறுவனங்களும் சும்மா இல்லை. ஐந்து வயதில் பார்வை இழந்த அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் டீட்டர் 1950-இல் காப்புரிமை பெற்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை 1958-இல் கிறைஸ்லர் தன் கார்களில் வைத்தபோது இட்ட பெயர் 'ஆட்டோ பைலட்'. வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும் கருவிக்கு, விமானத்தைத் தானே ஓட்டும் கருவியின் பெயர்! பிறகு கேடிலாக் வைத்த 'குரூஸ் கன்ட்ரோல்'தான் நிலைத்தது. டெஸ்லா மீண்டும் பழைய பெயரை எடுத்துக்கொண்டது. 'முழுத் தானோட்டம்' என்ற பொருள்படும் தன் இன்னொரு பெயரோடு, 'மேற்பார்வையுடன்' என்று ஒரு வாலை 2024-இல் சேர்த்தது. தமிழில் எழுதுபவர்கள் வாலை விட்டுவிட்டுத் தலையை மட்டும் மொழிபெயர்த்தார்கள்.

கடைசியாக, டாஷ்போர்டு திரையில் வரும் எச்சரிக்கை வரிகளை எழுதுபவர்களுக்கு ஒன்று. கை ஸ்டீயரிங்கில் இல்லை என்று கார் உணர்ந்ததும் வருகிற வரி 'திசைமாற்றியின் மீது தங்கள் கைகளை வைத்திருக்கவும்' என்று இருந்தால், படித்து முடிக்கும்போது கார் தடத்தைத் தாண்டியிருக்கும். 'ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்' என்று எழுதுங்கள். இடம் இல்லையென்றால் ஸ்டீயரிங் படம் போட்டு, கீழே 'பிடி' என்று மட்டும்.